ஒரு நகல் போதும்

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு வைரஸ் காய்ச்சல். வந்தவர்கள் இரண்டு நாள் போர்த்திப் படுத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போய்ப் பக்கத்து நாற்காலிக்கும் அதைத் தானம் செய்தார்கள். மைக் அக்காவுக்கு மட்டும் அது நுரையீரலில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் வருடக்கணக்காகச் சொல்லிவந்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஓட்டுநர்கள், டீக்கடைக்காரர், துப்புரவுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்களில் ஒருவரும் வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, குரலைத் தெரிந்த அளவுக்கு ஆளை யாருக்கும் தெரியாது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே தம்பி. நகரத்தின் மறுகோடியில் டயர் கடை, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று அவன் பாட்டுக்கு இருந்தான். இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று வரும். இவர்களுக்குள் இருந்ததெல்லாம் "அப்புறம் பேசறேன்" மட்டும்தான். அவள் தொண்டையில் குழாயோடு கிடந்தபோது அவன் இரண்டு முறை வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுப் போனதாக நர்ஸ் சொன்னாள்.

பிழைத்துக்கொண்டாள். குரல்தான் பிழைக்கவில்லை. குழாய் எடுத்த பிறகு தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு மேடை எண் சொன்னால் பயணிகள் ஊரை விட்டே ஓடிவிடுவார்கள் என்று அவளே மேலாளரிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார். நாள் முழுக்கக் குடைகளோடு உட்கார்ந்திருக்கும் வேலை. குடையைத் தேடி யாரும் வருவதில்லை, புதிதாக வாங்கிக்கொள்கிறார்கள்.

சர்க்கரை இல்லை, புகை இல்லை, வயதும் ஆகவில்லை, பிறகு ஏன் இவளுக்கு மட்டும் என்று மருத்துவருக்கு உறுத்தியிருக்கிறது. சிறுவயதிலும் ஒரு காய்ச்சலில் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்ததாக அவள் சொன்னதும் மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். வைரஸ் நுழைந்ததும் முதலில் மாட்டிக்கொண்ட செல் சத்தம் போட்டு அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்த வேண்டுமாம். அவள் உடம்பில் அந்தச் சத்தம் நேரத்துக்கு எழுவதில்லை. திருடன் வீட்டைத் துடைத்துவிட்டுப் போன பிறகுதான் நாய் குரைக்கிறது. அந்த வேலைக்கான மரபணு எல்லோருக்கும் இரண்டு நகல், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொன்று பழுதாக இருந்திருக்கும், தும்மல்கூட அதிகம் வந்திருக்காது. இருவரும் பழுதானதையே பார்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வீடு வாசல் எழுதிவைக்காதவர்கள் இதை மட்டும் மறக்காமல் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்று அவள் சொல்ல, மருத்துவர் சிரிக்கவில்லை. கூடப் பிறந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். அவர்களுக்கும் இரண்டும் பழுதாக இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றார்.

அன்றே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னாள். மறுநாளே அவன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து நின்றான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவன் சதை ஆடியது அக்காவுக்காகவா தனக்காகவா என்று நாம் கிண்ட வேண்டாம். ரத்தம் கொடுத்தான். முடிவு வரச் சில வாரம் ஆகும், அதுவரை பழுது இருப்பதாகவே நினைத்துக்கொண்டு சளிக்காரர்கள் பக்கம் போகாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். முடிவைத் தன்னிடம் சொல்ல வேண்டாம், அக்காவிடம் சொன்னால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அவ்வளவு பயம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன். மூக்கு அரிக்கிறது, பயப்பட வேண்டுமா? கடைக்கு வந்த ஒருத்தர் இருமினார், குளிக்க வேண்டுமா? தூசு பட்டால் யாருக்கும்தான் அரிக்கும் என்று இவள் அதட்டுவாள். வருடக்கணக்கில் பேசாத பேச்சையெல்லாம் அந்தச் சில வாரத்தில் பேசித் தீர்த்தார்கள். குடை அறையில் அவள் மணியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு நாள் அவனுடைய இரண்டு குழந்தைகளுக்கும் சளி பிடித்தது. தம்பி முகக்கவசமும் துணிப்பையுமாக இவள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். சளி பிடித்த வீட்டிலிருந்து வருகிறவனை உள்ளே விடலாமா என்று அவள் யோசித்திருக்க வேண்டும். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். ஒரே படகில் இருப்பவர்கள் ஒரே இடத்தில் இருந்தால் பத்திரம் என்று இருவருமே நம்பினார்கள். அந்தக் கணக்கில் எவ்வளவு பெரிய ஓட்டை என்று மூன்றாவது ஆள் ஒருவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அவன் வரவேற்பறையில், அவள் படுக்கையறையில். முதல் சில நாட்கள் நடுக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரே வீட்டுக்குள் போனில் பேசினார்கள். சுவருக்கு இந்தப் பக்கமும் அவன் குரல் கேட்கும், போனிலும் கேட்கும். இருவருக்கும் காய்ச்சல் வரவில்லை என்றதும் கதவு திறந்தது. காலையில் ஒரே மேசையில் டீ குடித்தார்கள். அப்பாவைப் போலவே இவனும் குறட்டை விடுகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறான், விளக்கை அணைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் திட்டினாள். திட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று தனியாக இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஒரு நாள் இரண்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. இவனுக்கும் இருந்துவிட்டால் என்ன? தன்னோடு சேர்ந்து பயப்பட, மாத்திரையை நினைவுபடுத்த, கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார, உலகத்தில் இன்னொரு ஆள். நினைத்த மறுநொடியே கழுவிய டம்ளரையே மறுபடி போட்டுத் தேய்த்தாள். கூடப் பிறந்தவனுக்கு வியாதி வேண்டும் என்று எந்த அக்காவாவது ஆசைப்படுவாளா? தன்னைத் தானே காறித் துப்பாத குறை. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை. வந்த விருந்தாளி போல ஒரு ஓரமாக உட்கார்ந்தே இருந்தது.

மருத்துவர் காலையில் கூப்பிட்டார். தம்பிக்கு ஒரு நகல் பழுது, மற்றது நன்றாக இருக்கிறது. அப்பா அம்மா மாதிரி. ஒன்று போதும், அவர் எல்லோரையும் போல இருக்கலாம் என்றார். அவள் நன்றி சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவனிடம் போய், ரொட்டிக்கு வெண்ணெய் வேண்டுமா என்று கேட்டாளே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அன்று குடை அறைக்கும் போகவில்லை, விடுப்புச் சொல்லிவிட்டாள். இருவரும் சீட்டு விளையாடினார்கள். அவன் ஏமாற்றினான், அவள் கண்டும் காணாதது போல விட்டுக்கொடுத்தாள்.

சாயங்காலம் சின்னவள் போனில் வந்தாள். சளியெல்லாம் போய்விட்டது, அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் என்று சொல்லிவிட்டுத் தம்பி போனை வேகமாக வைத்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

"ரிசல்ட் வந்துடுச்சுடா. உனக்கு ஒண்ணும் இல்ல."

திரும்பினான். முகமெல்லாம் ஈரம். "எப்ப வந்தது?"

"காலைலயே."

அவன் அதைக் காதில் வாங்கவே இல்லை. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தான், அழுதான், மனைவியைக் கூப்பிட்டு இரண்டு தடவை சொன்னான். போனுக்குள் குழந்தைகள் கத்தியது அவள் வரைக்கும் கேட்டது. ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவள் தயாராக நின்றாள். அவன் கேட்கவில்லை. துணிகளை மடிக்காமல் பையில் திணித்தான். அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மடித்து வைத்தாள்.

ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நிமிர்ந்தவன் அவளைக் கட்டிப்பிடிக்க வந்தான். பாதியில் நின்றான். ஓர் அடி பின்னால் போனான். இந்த முறை அவன் கண்ணில் இருந்தது தன்னைப் பற்றிய பயம் இல்லை, அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. எனக்கு ஒண்ணுன்னா நான் தாங்கிப்பேன். நீ தாங்க மாட்ட. ரெண்டு பசங்க இருக்கற வீடு, எப்பப் பாரு யாருக்காவது சளி இருக்கும். நான் வந்துபோயிட்டு இருந்தா நானே உனக்கு எமனாயிடுவேன். இத்தனை நாள் இங்க இருந்ததே தப்பு. இனிமே நான் வராம இருக்கறதுதான் உனக்கு நல்லது."

பாசத்தோடுதான் சொன்னான். அக்காவுக்காக அவன் இத்தனை அக்கறையாக யோசித்தது அதுதான் முதல் தடவை. மறுத்துப் பேச அதில் ஒரு சொல்கூடத் தப்பாக இல்லை. மருத்துவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"ஆமாண்டா, அதுதான் நல்லது," என்றாள் அக்கா.

அவன் படியில் இறங்கித் திரும்பிக் கை காட்டினான். குழந்தைகள் சாப்பிடாமல் காத்திருப்பார்கள், சீக்கிரம் போ என்று அவள் கையசைத்து விரட்டினாள். பிறகு மருத்துவர் சொல்லியிருந்தபடி கதவைச் சாத்தி, அவன் தொட்ட கைப்பிடியை மருந்துத் துணியால் துடைத்தாள்.