படகுத்துறையில் ரவுனோ சொன்னது

மார்ச் மாதம் கணவர் ரவுனோ இறந்ததிலிருந்து ஹில்க்கா ஒரு தடவைகூட அழவில்லை. அதை யாரிடமும் ஒரு குறையாகச் சொல்லவும் இல்லை. ஆகஸ்டில் ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்கப் போனபோது, சுகாதார நிலையத்து டாக்டர்தான் விசாரித்தார். தூக்கம் வருகிறதா? வருகிறது. சாப்பாடு? இறங்குகிறது. அழுகை? இல்லை. அந்த டாக்டருக்கு ஹில்க்காவின் மகள் வயதுகூட இருக்காது. கணினியில் எதையோ தட்டிவிட்டு ஒரு தாளை நீட்டினார். செவ்வாய்க்கிழமை பதினோரு மணி, நூலக வாசல், நிதான நடை, பூங்கா வழியாக ஆற்றங்கரை வரை, யாரும் வரலாம்.

அந்தத் தாள் குளிர்பெட்டிக் கதவில் மூன்று வாரம் தொங்கியது. நான்காவது வாரம் ஹில்க்கா போனாள். ஆசைப்பட்டுப் போகவில்லை, போகாமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை.

நடையை நடத்தியவள் இர்மெலி. முப்பது வருடம் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. "இது பந்தயம் இல்ல. முன்னாடி ஓடுறவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. பின்னாடி வர்றவங்களுக்கு என் பக்கத்துல காபி" என்பாள். புவோலா பூங்காவின் மேட்டில் மெதுவாக ஏறி, கலைக்கூடத்தைச் சுற்றி இறங்கி, அவுரா ஆற்றின் மேற்குக் கரையோடு நடந்து, ஃபோரி படகில் அக்கரைக்குப் போய், காற்றாலை நிற்கும் பூங்கா வழியாகத் திரும்புவார்கள். ஃபோரிக்குக் கட்டணம் கிடையாது. ஆரஞ்சு நிறப் படகு, இரண்டு நிமிடத்தில் அக்கரை.

அந்தப் படகுத்துறைக்குப் பத்தடி தள்ளித்தான் ரவுனோ விழுந்தார். முதல் செவ்வாய்க்கிழமை அந்த இடம் வந்தபோது ஹில்க்கா வேண்டுமென்றே நின்று பார்த்தாள். கருங்கல் விளிம்பு, ஒரு பெஞ்சு, உதிர்ந்த இலைகள் கொஞ்சம். பல் பிடுங்கிய பிறகு மரத்துப்போன கன்னத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இர்மெலி விசில் ஊதியதும் ஹில்க்கா நடந்துவிட்டாள். அடுத்த நான்கு வாரமும் அப்படியே.

அக்டோபர் நடுவில், ஆறாவது வாரம், என்சியோ என்று ஒருவர் புதிதாக வந்தார். பஸ் ஓட்டிய மனிதர், எழுபதை நெருங்கியவர். வசந்தத்தில் முழங்கால் அறுவை செய்துகொண்டாராம். கையில் ஊன்றுகோல். அவர் வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. மேடு ஏறும்போது மருமகனின் கஞ்சத்தனம், இறங்கும்போது நகராட்சி.

"என்சியோ, உங்க வாய் போற வேகத்துக்குக் கால் போயிருந்தா நாம இந்நேரம் ஸ்டாக்ஹோம்ல இருப்போம்" என்றாள் இர்மெலி.

"கடல் நடுவுல இருக்கே."

"அதான் சொல்றேன், கொஞ்சம் மூச்ச மிச்சம் பிடிங்க."

ஹில்க்கா பேசாதவள் என்பதால் என்சியோ அவளோடு ஒட்டிக்கொண்டார். இருவரும் பின்தங்கினார்கள். உணவகப் படகுகளெல்லாம் குளிர்காலத்துக்கு மூடத் தொடங்கியிருந்தன. ஒருவன் மேல்தளத்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். முன்னால் போனவர்கள் ஃபோரியில் ஏறிவிட்டார்கள். இர்மெலி அங்கிருந்தே கையை ஆட்டி, அடுத்ததில் வாருங்கள் என்று சைகை செய்தாள்.

என்சியோ பெஞ்சருகே நின்றார். உட்காரவில்லை.

"இந்த இடத்துக்கு ஏழு மாசமா நான் வரல. முழங்கால்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன். முழங்கால் மட்டும் இல்ல."

ஹில்க்கா கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"மார்ச்சுல இங்க ஒரு ஆளு விழுந்துட்டாரு. நானும் அவரும் படகுக்கு நின்னுட்டிருந்தோம். பழக்கமெல்லாம் இல்ல. நான்தான் பேச்சுக் கொடுத்தேன், என்னைத்தான் தெரியுமே. அக்கரைக்கான்னு கேட்டேன். 'எக்கரைன்னாலும் சரி, வீட்டுக்காரி ஒரு மணி நேரத்துக்கு வெளியில துரத்திட்டா. இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு, முன்னாடியே போனா உள்ள விடமாட்டா'ன்னாரு. சொல்லிட்டு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் ஏதோ மறந்துபோனதத் தேடுற மாதிரி பையில கைய விட்டாரு. அப்படியே போயிட்டாரு கீழ."

ஹில்க்காவின் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன. அங்கேயே இருந்தன.

"பஸ் டிரைவருக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்திருக்காங்க இல்லையா. நெஞ்ச அழுத்தினேன். பதினோரு நிமிஷம். விலா எலும்பு ஒண்ணு முறிஞ்சுது, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போச்சு. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணேன். நீங்க உறவா, இல்லைன்னா சொல்லமாட்டோம்னுட்டாங்க. சரி, பொழச்சிருப்பாருன்னு நானே வச்சுக்கிட்டேன். இப்போ எங்கயாவது உக்காந்து, எலும்ப ஒடைச்சுட்டான் பாவின்னு என்னைத் திட்டிட்டிருப்பாரு."

காலியான படகு திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் அதில் ஏறிவிடலாம் என்று ஹில்க்கா நினைத்தாள். அவர் அந்த நினைப்போடே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பொய்யைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு செவ்வாயும் நடப்பதற்கு அவளிடம் தெம்பு இல்லை. தெம்பு இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளோ என்னவோ.

"பொழைக்கல" என்றாள்.

"என்னது?"

"அன்னிக்கு சாயங்காலமே போயிட்டாரு. ரவுனோன்னு பேரு. நான்தான் அந்த வீட்டுக்காரி."

என்சியோ அவளையே பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார். ஊன்றுகோல் கைநழுவி ஆற்றுப் பக்கம் உருண்டது. ஹில்க்கா காலால் அதைத் தடுத்து, குனிந்து எடுத்தாள். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு, தோள் குலுங்கியது. ஊன்றுகோலைப் பிடித்தபடி அவள் நின்றாள். பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றவே சற்று நேரம் ஆயிற்று. உட்கார்ந்தாள்.

"நான் சரியா அழுத்தலையோ" என்றார்.

"சரியாத்தான் அழுத்தியிருக்கீங்க. விடாம நெஞ்ச அழுத்திக் காப்பாத்தப் பாத்தவங்க யாரோ, நல்லா செஞ்சிருக்காங்கன்னு டாக்டர் சொன்னாங்க. யாருன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

படகு வந்து நின்று, யாரும் ஏறாமல் போயிற்று.

அவள் கேட்க ஒன்று இருந்தது. "ஐஸ் ஹாக்கி ஓடிட்டிருந்துச்சு ரேடியோவுல. அவருக்குக் காது மந்தம், சத்தமா வப்பாரு. கொஞ்ச நேரம் எங்கயாவது போயிட்டு வா, ஒரு மணி நேரம் என் கண்ணுல படாதன்னு சொன்னேன். எரிஞ்சு விழுற குரல்ல. அவரு கோவமா சொன்னாரா உங்ககிட்ட?"

என்சியோ மூக்கைச் சிந்தினார். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"இல்லம்மா. பீத்திக்கிற மாதிரி சொன்னாரு. துரத்துறதுக்கு வீட்டுல ஆள் இருக்குன்னு. நான் வீட்டுல தனி ஆளு. அந்தப் பெருமை எனக்கு நல்லாப் புரியும்."

ஹில்க்கா தலையாட்டினாள். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். அசைந்த மாதிரியும் இருந்தது, வெறும் குளிர் மாதிரியும் இருந்தது. அடுத்த படகில் இருவரும் ஏறினார்கள். அக்கரையில் இர்மெலி குளிரில் மூக்கு சிவக்க நின்றுகொண்டிருந்தாள். என்சியோவின் கண்ணைப் பார்த்தாள், பரிகாசத்தை வாய்க்குள்ளேயே விழுங்கினாள். குடுவையிலிருந்து இரண்டு பேருக்கும் காபி ஊற்றினாள்.

வீட்டுக்கு வந்ததும், கோட்டைக் கழற்றாமலே ஹில்க்கா ஊலுவில் இருக்கும் மகள் பைவிக்கு போன் செய்தாள். அவளாகக் கூப்பிட்டு மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு தெரிஞ்சுது." கேட்டதை அப்படியே சொன்னாள், இருபது நிமிஷம் பாக்கி உட்பட.

பைவி சிரித்தாள். முன்னாடியே போனா உள்ள விடமாட்டா, அப்பா அப்படியே பேசறாரும்மா என்றாள். அந்தச் சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையாயிற்று. ஹில்க்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லவில்லை. எதிர் வீட்டு ஜன்னலில் யாரோ திரைச்சீலை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நீ எப்படிம்மா இருக்க?" என்று கடைசியில் மகள் கேட்டாள்.

நல்லாத்தான் இருக்கேன் என்று வாய்வரை வந்தது. ஏழு மாதமாக அதையே சொல்லி வந்திருக்கிறாள்.

"தெரியல பைவி" என்றாள். "வெள்ளிக்கிழமை ரயிலேறி வர முடியுமா?"