மூன்றாவது ஓலை

தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியமேரியின் எதிரே வந்து உட்கார்ந்தான் சத்தார். துருக்கிக்காரனோடு நடந்த சண்டைக்குப் போன பட்டாளத்தோடு கோவேறு கழுதை ஓட்டிக்கொண்டு பஸ்ரா வரை போய்த் திரும்பியவன். அவள் புருஷன் ரத்தினசாமி அங்கேதான் செத்தான்.

"இருதயராஜ் உன்னக் கட்டிக்கக் கேக்கறானாமே. அதுக்கு முன்னாடி உனக்கு இது தெரியணும், தங்கச்சி. ரத்தினத்தச் சுட்டது துருக்கிக்காரன் இல்ல."

விடியற்காலையில் தண்ணீர் எடுக்கப் போன ரத்தினசாமி, பனிமூட்டத்தில் வழி தவறி முள்கம்பிக்கு எதிரிப் பக்கமாக வந்திருக்கிறான். காவலுக்கு நின்றவன் அதே பட்டாளத்து இருதயராஜ். யாரென்று கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது உத்தரவு. கேட்காமலே சுட்டுவிட்டான். பட்டாளத்துக்கு அவமானம் என்று, எதிரியின் குண்டு என்றே மேலே சொல்லிவிட்டார்கள்.

அவள் உலக்கையை நிறுத்தவில்லை. ஆம்பூருக்குத் திரும்பிய நாளிலிருந்து இருதயராஜ் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. கூரை வேய்ந்து கொடுத்தான். மேஸ்திரியிடம் பேசி இந்த வேலையை வாங்கித் தந்தான். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தான். "துருக்கிக்காரன் குண்டு. எம் மடியிலதான் உயிர் போச்சு" என்று சொல்லி அவளோடு சேர்ந்து அழுதான்.

அன்று சாயங்காலமே அவனிடம் சம்மதம் சொன்னாள்.

கோயிலில் ஓலை வாசித்தார்கள். மணமக்கள் பெயரைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கேட்பார். முதல் இரண்டு முறையும் அவள் தலைகுனிந்து இருந்தாள். அவன் சந்தோஷப்படட்டும், புதுச்சட்டை தைக்கட்டும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மூன்றாவது ஓலைக்கு வாணியம்பாடியிலிருந்து அவன் ஜனமெல்லாம் வந்து கோயில் நிறைந்திருந்தது. சாமியார் கேட்டு முடித்ததும் பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்தாள்.

"தடை இருக்குது, சாமி."

இருதயராஜ் பக்கம் திரும்பினாள். அதுவரை அவனை 'நீங்க' என்றே பேசியவள்.

"எம் புருஷன யாரு சுட்டது? எழுந்து சொல்லு."

அவன் எழுந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"இன்னா, கேக்கல. வாசல்ல நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."

"நான்தான்."

"யாருன்னு கூப்டியா?"

"கூப்டல. பயந்துட்டேன்."

அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனைச் சுற்றி இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக நகர்ந்துபோனார்கள். சாமியார் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. இன்னும் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. இவன் மடியில் கிடந்தபோது, சுட்டது யாரென்று ரத்தினசாமிக்குத் தெரிந்திருந்ததா? அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள்; 'தெரியும்' என்று சொல்லிவிடுவானோ என்று கேட்காமல் விட்டாள்.

காலியாகிவிட்ட பாயின் நடுவில் இருதயராஜ் முழங்காலிட்டான். அடுத்த கேள்வி என்ன என்பதுபோல் முகத்தை அவள் பக்கம் தூக்கி, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.