சின்னம்மாளுக்குப் பதில் வந்த மிஷின்

எங்கள் வீட்டில் ஆறு வருடமாகப் பாத்திரம் கழுவுவது நான்தான். கல்யாணமான முதல் வாரமே அருள்மொழி சொல்லிவிட்டாள். “சமையல் என்னுது. பாத்திரம் உங்குளுது.” அவள் காலையில் நெல்லிக்குப்பத்துக்கு பஸ் பிடித்துப் போய், ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு வருகிற டீச்சர். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் உட்கார்ந்த இடத்தில் வேலை பார்ப்பவன். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டேன். வெளியே தெரியாதவரை எந்த நியாயத்தையும் ஒத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டமே இல்லை.

கஷ்டம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் வந்தது. என் அக்கா ஞானாம்பாளின் புருஷன் தில்லைநாதன் மாமா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். மீசை ஒன்றே அரைக் கிலோ இருக்கும். சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்த வழக்கம் கிடையாது, அதிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார். அன்றைக்கு எதிர்வரிசையில் இருந்த எங்கள் சித்தப்பா மகன் கண்ணாயிரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என்னா கண்ணாயிரம், வெரலெல்லாம் வெளுத்துப் போய்க் கெடக்கு? ஊட்டுல பாத்தரம் நீதானாமே?”

பந்தியே சிரித்தது. எல்லோரையும்விட ஜாஸ்தி சிரித்தவன் நான். சிரித்துக்கொண்டே என் இடது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். ஊர் திரும்புகிற பஸ்ஸில், புவனகிரி தாண்டுவதற்குள், என் தலைக்குள் சின்னம்மாள் பிறந்துவிட்டாள்.

சின்னம்மாள் எங்கள் வீட்டு வேலைக்காரி. அவளுக்கு முட்டிவலி. காடாம்புலியூரில் மகள் இருக்கிறாள், முந்திரி உடைக்கிற நாளில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அங்கே போய்விடுவாள். அக்கா போனில் தன் வீட்டு வேலைக்காரி ஜெயராணியைப் பற்றிக் குறை சொல்லும்போதெல்லாம், நான் விட்டுக்கொடுக்காமல் சின்னம்மாளைப் பற்றிக் குறை சொல்வேன். இல்லாத ஒருத்திக்கு அக்கா ஒரு பொங்கலுக்குச் சேலைகூட அனுப்பினாள். அருள்மொழி அதை நாலாகக் கிழித்து, “உங்க சேலய நீங்களே வச்சிக்குங்க” என்று பாத்திரம் துடைக்க என்னிடம் கொடுத்துவிட்டாள். அவள் அப்போது சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தும் கவனிக்காதவன் மாதிரி இருந்தேன்.

ஆறு வருடம் ஒருத்தியைப் பொய்யில் வளர்ப்பது லேசான காரியமில்லை. போன வாரம் சொன்ன முட்டி இடதா வலதா என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இந்த வருடம் டிஷ்வாஷர் வாங்கினேன். “மிஷின் வந்துடுச்சி, சின்னம்மாள நிறுத்திட்டோம்” என்று அக்காவிடம் சொன்ன அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. ஒரு மாதம் மிஷின் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஆயுத பூஜை வந்தது. பைக், ஃபிரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த நான், என் மானத்தைக் காப்பாற்றிய மிஷினுக்கு மட்டும் தனி மரியாதை செய்தேன். லைட் எரிந்தால் அழகாக இருக்கும் என்று பவரைப் போட்டுவிட்டு, பட்டன் வரிசைக்கு மேலே சந்தனத்தை அழுத்தி, நன்றாக வட்டமாகத் தேய்த்து, நடுவில் குங்குமம் வைத்து, ஆரத்தியும் காட்டினேன். அன்று கருவிகளுக்கு ஓய்வு என்பதால் பாத்திரத்தைக் கையால்தான் கழுவினேன்.

மறுநாள் விஜயதசமி லீவு. அக்காவும் மாமாவும் சிதம்பரத்திலிருந்து ஒரு தூக்கு கத்தரிக்காய் கொத்சோடு வந்து இறங்கினார்கள். சாம்பார், வடை, முந்திரி போட்ட பாயசம் என்று சாப்பாடு முடிந்தபோது மேடை நிறைய எச்சில் பாத்திரம்.

“எங்கடா, போடு பாப்போம். ஒம் மிஷின் எப்புடி கழுவுதுன்னு பாக்கத்தான் வந்ததே” என்று அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

பாத்திரத்தை உள்ளே அடுக்கிப் பவரைப் போட்டேன். லைட் எரிந்தது. ஸ்டார்ட்டை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். மூன்றாம் தடவை கட்டைவிரலால் அமுக்கினேன், ஏதோ விரலில்தான் கோளாறு என்பது போல.

பிளக்கைப் பிடுங்கி அதே இடத்தில் மிக்ஸியைச் செருகினேன். மிக்ஸி அலறியது. தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது. பின்னால் போகிற டியூப் மடங்கியிருக்கிறதா என்று படுத்துக்கொண்டு பார்த்ததில் சட்டை நிறைய ஒட்டடை. கதவில் கரண்டிக் காம்பு இடிக்கிறதோ என்று எல்லாவற்றையும் எடுத்து மாற்றி அடுக்கி, இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிச் சாத்தினேன். கதவு ‘டக்’ என்று ஒழுங்காகத்தான் மூடியது. கம்பெனிக்குப் போன் போட்டால், பண்டிகை விடுமுறை, நாலு நாள் கழித்து ஆள் வருவார் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. அருள்மொழி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தாள்.

“செரி வுடு, அந்த சின்னம்மாள கூப்புடு. இன்னிக்கி ஒரு நாளைக்கி வந்து கழுவிட்டுப் போவட்டும்” என்றாள் அக்கா.

“அவ காடாம்புலியூர் போயிட்டாக்கா.”

“நம்பர் குடு, நான் பேசறேன்.”

“அவகிட்ட போன் இல்லக்கா.”

“ஆறு வருசமா போன் இல்லாமதான் லீவு சொன்னாளா?”

மாமா நாற்காலியில் சாய்ந்து மீசையைத் தடவியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாயிரத்தைப் பார்த்த அதே பார்வை. இன்று பிடிபட்டால் அடுத்த கல்யாணத்தில் பந்தி சிரிக்கப்போவது என்னைப் பார்த்துத்தான். “நீங்க செத்த நேரம் படுங்கக்கா, பஸ்ல வந்த அலுப்பு. நான் சரி பண்ணிடறேன்” என்று எல்லோரையும் சமையலறையிலிருந்து கிளப்பிவிட்டேன்.

வீடு அடங்கியது. சமையலறைக் கதவை ஒருக்களித்து வைத்து, மிஷினிலிருந்து பாத்திரத்தை வெளியே எடுத்து, லுங்கியை மடித்துக் கட்டி, குழாயை நூல் மாதிரி திறந்துவிட்டு, சத்தம் வராமல் தேய்க்க ஆரம்பித்தேன். கொத்சைச் சுடவைத்ததில் அடிப்பிடித்த சட்டியோடு நான் மல்லுக்கட்டும்போது, கதவு திறந்தது. மாமா. கையில் காலி சொம்பு.

நான் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். சோப்பு நுரை முழங்கை வரை இருந்தது.

மாமா உள்ளே வந்து கதவை நன்றாகச் சாத்தினார். சட்டியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். “இத இப்புடியா தேய்ப்பாங்க மச்சான்? கொஞ்சம் புளித்தண்ணி ஊத்திக் கொதிக்க வையி, தானா வுட்டுடும். கிளாச மொதல்ல கழுவு. எண்ணெ பட்டத கடைசியில வச்சிக்க.”

“மாமா?”

“என்னா மாமா? ஜெயராணி யாருன்னு நெனச்ச?” என்றார் அவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே. “பதினெட்டு வருசம். கண்ணாயிரத்த அன்னிக்கி கிண்டல் பண்ணது, எவனும் எங் கையப் பாத்துடக் கூடாதேன்னுதான்.”

எனக்கு வந்த சிரிப்பை அடக்கச் சேலைத் துணியை வாயில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் போனில் அக்காவும் நானும் சண்டை போட்டு ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு பெண்களும் இந்த ஒரே சமையலறையில், ஒருத்தர் மீசையோடு, நின்றுகொண்டிருந்தோம்.

அரை மணியில் எல்லாம் முடிந்தது. நான் கழுவ, மாமா துடைத்துக் கூடையில் கவிழ்த்தார். அவருக்குக் கறை கண்ணில் பட்டால் பொறுக்காது போலிருக்கிறது. ஈரத்துணியோடு போய், மிஷின் முகத்தில் காய்ந்து கிடந்த என் பொட்டையும் துடைத்துவிட்டார். அடியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இது என்னா மச்சான், பூட்டு படம் போட்டிருக்கு?”

குழந்தைகள் அமுக்காமல் இருக்க வைத்திருக்கிற பூட்டு. மூன்று வினாடி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். நான் அவ்வளவு பக்தியாகச் சந்தனம் தேய்த்தது அதன் தலையில்தான். மறுபடி மூன்று வினாடி அழுத்தினேன். மிஷின் ‘பீப்’ என்றது.

வெளியே அக்கா செருமுகிற சத்தம் கேட்டது. மாமா சட்டையை அவசரமாக மாட்டிக்கொண்டு, “போடு, போடு” என்றார். வெறும் மிஷினை ஓடவிட்டோம். அது உள்ளே ஒரு ஸ்பூன்கூட இல்லாமல் ஜோராகத் தண்ணீரை வாரி அடித்தது.

“அட, ஓடுதுடா!” அக்கா நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அருள்மொழியும் வந்து நின்றாள். அரை மணி நேரம் நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் நான் எழுவதற்குள் அக்கா கதவைத் திறந்துவிட்டாள். ஆவி வந்தது. வேறொன்றும் வரவில்லை.

“பாத்தரம் எங்கடா?”

“கழுவி, தானா வெளிய அடுக்கியும் வச்சிடும். அது புது மாடல்” என்றார் மாமா.

அக்கா திரும்பிக் கூடையைப் பார்த்தாள். டம்ளர்கள் உயரவாரியாக, பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி நின்றன. கரண்டிகளெல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துக் குப்புறப் படுத்திருந்தன.

“கரண்டிய இப்புடி படுக்க வைக்கிற ஆளு ஒலகத்துல ஒருத்தருதான். அவுருகூடதான் நான் பதினெட்டு வருசமா குடித்தனம் பண்றேன்” என்றாள் அக்கா. மாமா மின்விசிறியைப் பார்த்தார். “செரி, இவுரு அடுக்குனாரு. கழுவுனது யாரு?”

மாமா என்னைக் காப்பாற்ற வாயைத் திறந்தார். நான் அருள்மொழியைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. காத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படிக் காத்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பாத்திரம் கழுவியதற்காக அல்ல.

“நாந்தாங்க்கா. ஆறு வருசமா நாந்தான். சின்னம்மாள்னு ஒருத்தியே கெடையாது.”

அக்கா வாயில் கைவைத்துக்கொண்டாள். பேசியது அருள்மொழிதான். “பாக்குற பொம்பளைங்கல்லாம், ஒனக்கென்னம்மா, வேலைக்கி ஆளு இருக்குன்னு சொல்லும்போது எனக்கு எப்புடி இருக்கும் அண்ணி? எம் புருசன் எனக்கு செய்றாருன்னு ஒருத்தருகிட்டகூட பெருமையா சொல்லிக்க முடியல.”

அவள் குரல் உடைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“யாருக்கு?” என்றேன்.

“எங்க ஸ்கூலு பிரிசில்லா டீச்சருக்கு. அவுங்களுக்கு சொன்னா நெல்லிக்குப்பம் முழுக்க சொன்ன மாதிரி.”

மாமா பதறி எழுந்தார். “தங்கச்சி, எம் பேரு மட்டும் வேணாம்மா. ஸ்கூல்ல பசங்க மதிக்க மாட்டானுங்க.”

“அவுரு பேரையும் சேத்தே சொல்லு” என்றாள் அக்கா.

அருள்மொழி ஸ்பீக்கரைப் போட்டாள்.