மூன்றாவது வரிசையில் நிற்பவள்

அசையாமல் நிற்பது எனக்கு நன்றாக வரும். பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வெல்ட் கீ படகுத்துறைப் பக்கம் உள்ள சாமான் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அதைத்தான் செய்தேன். மூன்றாவது வரிசையில், பிஸ்கட் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று ஸ்டிக்கர் ஒட்டுவேன். யாரும் என்னிடம் பேசவேண்டிய தேவை இருக்காது.

பிறகு புக்கிட் தெங்கா தொழிற்சாலையிலிருந்து ரோபோ வந்தது. ஆள் உயரம், இரண்டு கை, இரண்டு கால். திருநீறு பூசும் இடத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதுதான் கண். நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை அது வீசும். எதில் பட்டு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதை வைத்துத் தூரத்தை அளக்கும். அது பார்ப்பதெல்லாம் சூப்பர்வைசர் தங்கராஜு அண்ணனின் திரையில் புள்ளி புள்ளியாக வரும். சுவர், தட்டு, தூண் எல்லாம் சாம்பல் நிறம். மனிதர்கள் சிவப்பு.

நான் சாம்பலாக இருந்தேன்.

“ஏய் ரூபினி, நீ என்னா தூணா?” என்றார் அண்ணன். “அசையாததையெல்லாம் அது செவுருன்னு எழுதி வச்சிக்கும். கைய கால ஆட்டுலா!”

என்னோடு வேலை செய்யும் வடிவம்மாள் அக்கா சிரித்தார். “இவ மூச்சு விடறது நமக்கே தெரியாது. மிஷினுக்கு எப்படித் தெரியும்?”

அண்ணன் சிரிக்கவில்லை. “இப்ப மெதுவா நடக்குது. திங்கக்கெழமலேருந்து முழு வேகம். மனுசன்னா தள்ளி நிக்கும். செவுருன்னா உரசிக்கிட்டுப் போவும். அதுக்குள்ள நீ செவப்பாவலன்னா, ஒன்ன வேலைக்கு வரவேணாம்னுதான் சொல்லணும். அடிபட்டுட்டா யாரு பதில் சொல்றது?”

எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டில் இருந்தால் மறுபடியும் பள்ளிக்கூடப் பேச்சு ஆரம்பிக்கும். ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியதும், வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல உடம்பு இறுகிவிடும். கை எழாது.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. லாரி, தராசு, ஃபோர்க்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த வடிவம்மாள் அக்கா ரோபோவையும் விடவில்லை. நெற்றி என்று ஒன்று இருக்கிறதே! கண்ணாடியின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“அக்கா! அது கண்ணுக்கா!” அண்ணன் ஓடி வந்தார்.

“சாமி பொட்டுதானேப்பா, என்னா செஞ்சிரும்?” அக்கா அவசரமாக ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் கண்ணாடி முழுக்க இழுபட்டது. ரோபோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

கண் மங்கினாலும் அது நிற்காது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பு எழுதி வைத்ததை நம்பி நடக்கும். மூன்றாவது வரிசையில் நான் வழக்கமாக நிற்கும் இடம் வந்ததும் தோளை ஒடுக்கி, உடம்பைத் திருப்பி, ஒட்டினாற்போல் வளைந்து போனது. அங்கே யாரும் இல்லை. நான் பொரிப் பொட்டலத்தோடு முதல் வரிசையின் முனையில் நின்றேன்.

பிறகு அது என்னை நோக்கி வந்தது. இந்த இடத்தில் யாரும் இருப்பதாக அது எழுதி வைக்கவில்லை. எனக்குக் கால் நகரவில்லை. அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். பெட்டியின் மூலை காதை உரசிப் போனது.

“வாயத் தொறந்து கத்துனா என்னாடி?” அக்கா என் காதைத் திருப்பிப் பார்த்தார்.

அண்ணன் ரோபோவை நிறுத்தி, கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தார். திரையில் மூன்றாவது வரிசையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் நின்றது. ஒல்லியாக, தலையைக் குனிந்துகொண்டு. அதை அழித்தார்.

“போச்சு. இனி புதுசா பாக்கும். ரூபினி, இதான் கடைசி. அது பாக்கறப்ப கையத் தூக்கு.”

ரோபோ மறுபடி நடந்தது. மூன்றாவது வரிசையில் அதே இடத்துக்கு வந்தது. இந்தத் தடவை வளையவில்லை. தள்ளி நின்றது. பெட்டியைத் தாழ்த்தி, யாரோ விலகட்டும் என்பதுபோலக் காத்திருந்தது.

“யாரு அங்க?” என்றார் அண்ணன்.

திரையில் அந்த இடத்தில் அதே ஒல்லி உருவம். இப்போது சிவப்பு. திரையில் அண்ணனைத் தேடினேன், சிவப்பு. பக்கத்தில் அக்கா, சிவப்பு. அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். திரையில் அங்கே வெறும் தரை.

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, யாரும் இரண்டாம் முறை சொல்லாமல், கையைத் தூக்கினேன்.

மூன்றாவது வரிசையில் நின்றவள் கையைத் தூக்கினாள்.

“அட, ரூபினி! செவப்பாயிட்ட பாத்தியா?” அண்ணன் மூன்றாவது வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “திங்கக்கெழம வேலைக்கு வந்துரு.”

“நல்லவேள, புள்ள பொழச்சா,” என்றார் அக்கா, அதே பக்கம் பார்த்து.

“அண்ணே!” என்று கத்தினேன். கிடங்கின் தகரக் கூரை அதிரும்படி கத்தினேன். “அண்ணே, நான் இங்க இருக்கேன்!”

அண்ணன் திரையை அணைத்துவிட்டு, பொரி எடுக்கக் கிளம்பினார். போகும்போது அவருடைய தோள் என்னை உரசிக்கொண்டு போனது.