கோட்டுக்கு வந்த நிறம்

வண்ணக்காரியின் மகள் பிறந்தபோது எடை சரியாக இருந்தது, அழுகை ஊரைக் கூட்டியது, நிறம் மட்டும் இல்லை. கறுப்பு, சிவப்பு, மாநிறம் என்று எதுவும் இல்லை, வெளுப்பும் இல்லை. வரைந்துவிட்டு வண்ணம் தீட்ட மறந்த படம்போல மூக்குக்கு ஒரு கோடு, காதுக்கு ஒரு கோடு, விரலுக்கு ஒரு கோடு, உள்ளே வெறுமை. தொட்டிலில் போட்டால் விரிப்பிலிருந்த பூக்கள் அவள் வயிற்றின் வழியாகத் தெரிந்தன. டாக்டர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது, நிறம் போகப்போக வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். குழந்தையின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அதே நிதானத்தோடு, "கை கால் எல்லாம் சரியா இருக்கில்ல? நிறம் எங்க போயிடப் போகுது," என்றார். வீட்டில் அவளைக் கோடு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்கு வண்ணக்காரி என்ற பெயரைத் தெருவில்தான் வைத்தார்கள். தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் வண்ணப் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். அந்த அறையில் திரைச்சீலையைத் திறக்கவே கூடாது. பகல் வெளிச்சம் பட்டால் கண் ஏமாந்துவிடும். அப்போது அவர்கள் செய்துகொண்டிருந்தது தபால் நிலையம் நடத்தும் ஒரு குண்டுக் கரடியின் கதை. கரடிக்குப் பகலில் ஒரு பழுப்பு, மழையில் ஒரு பழுப்பு, விளக்கடியில் இன்னொன்று. ஒவ்வொன்றையும் தனியாகக் கலந்து, பெயர் வைத்து, கரடிக்கென்று இருக்கும் வண்ணத் தட்டில் ஒரு கட்டத்துக்குள் சேமிக்க வேண்டும். அந்த மென்பொருளின் விசேஷம் என்னவென்றால், நிறம் படத்தில் இருப்பதில்லை, தட்டில்தான் இருக்கிறது. படத்துக்கு எந்தக் கட்டம் தன்னுடையது என்று மட்டும்தான் தெரியும். கட்டத்தில் கொஞ்சம் மஞ்சளைக் கூட்டினால், அதுவரை வரைந்த ஆயிரக்கணக்கான படங்களிலும் கரடி அந்த நொடியே மஞ்சள் தட்டிவிடும். புதிதாக வந்த ஒருவர் ஒரே ஒரு இரவுக் காட்சிக்காகக் கரடியின் மூக்கைக் கறுப்பாக்கப்போய், தொடர் முழுவதும் கரடி பட்டப்பகலில் இருட்டு மூக்கோடு தபால் கொடுத்தது. வண்ணக்காரி அன்று போட்ட சத்தத்தில் மாடியில் இசைப் பதிவிலிருந்த வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். வேலைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே அவள் இரண்டு விஷயம் சொல்வாள். அசலைத் தொடாதே, நகல் எடு. ஒரே எண்களைப் போட்டு இன்னொரு கட்டம் உண்டாக்கினால் அது பழைய கட்டம் ஆகிவிடாது. "ரெண்டு பேர் ஒரே உயரமா இருந்தா ரெண்டு பேரும் ஒரே ஆளா?" என்று கேட்பாள்.

பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தையை எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போன பிறகு, குழந்தை ஞாபகம் தாங்காமல் அவள் ஸ்கிரீனில் கோட்டை வரைந்தாள். வரைவது சுலபம், கோடு தவிர அவளிடம் வேறென்ன இருந்தது. பிறகு மனது கேட்காமல் ஒரு புதுத் தட்டு திறந்தாள். தன் முழங்கையைப் பார்த்துக் கொஞ்சம், கணவனின் கழுத்தை நினைத்துக் கொஞ்சம் என்று ஒரு நிறம் கலந்து, வாளிச் சின்னத்தை எடுத்துப் படத்துக்குள் ஊற்றினாள். போன் அடித்தது. எதிர்வீட்டு அக்கா. "ஏய், உன் பொண்ணுக்கு நிறம் வந்துடுச்சு. கஞ்சி குடிச்சுக்கிட்டே இருந்தா, கால்லேர்ந்து தலை வரைக்கும் ஏறிடுச்சு. கஞ்சி பாதி மிச்சம் இருக்கு, எடுத்து வைக்கட்டுமா, கொட்டிடட்டுமா?" எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வண்ணக்காரி பாத்ரூமுக்குள் போய்த் தேம்பித் தேம்பி அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கரடியின் மழைக்கோட்டைத் தொடர்ந்தாள்.

குழந்தையைப் பார்க்க வந்த நாத்தனாருக்கு ஒரே குறைதான். "கலக்கறது நம்ம கையில இருக்கும்போது கொஞ்சம் தாராளமா வெள்ளையை ஊத்தக் கூடாதா அண்ணி?" என்றாள். வண்ணக்காரி காப்பியை அவள் கையில் கொடுத்து வாயை அடைத்தாள். அதன் பிறகு தோலுக்கு, உள்ளங்கைக்கு, உதட்டுக்கு, நாக்குக்கு, கண்ணின் வெள்ளைக்கு என்று தட்டில் கட்டங்கள் பெருகின. கோடு வளர வளர ஸ்கிரீனில் இருந்த படமும் வளர்ந்தது. அதை யாரும் திருத்தவில்லை. காய்ச்சல் வந்தால் அம்மா ஆபீசில் இருந்தபடி முகத்தை வெளிறச் செய்வாள், குணமானதும் திருப்பி வைப்பாள். ஒருமுறை அவசரத்தில் தொடரில் வரும் தவளையின் தட்டு என்று நினைத்துக் கோட்டின் தட்டைத் திறந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை முடியும்வரை கோடு பச்சை உதட்டோடு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். வண்ணக்காரி போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து அந்தத் தட்டுக்குப் பூட்டுப் போட்டாள். மகள் விஷயத்தில் வேறு எந்தத் தவறும் செய்ததில்லை என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு.

கோடு பெரியவளாகி, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலைக்குப் போனாள். பார்சல்களைப் பிரித்து அடுக்குகிற பையன் ஒருவன், அதிகம் பேசாதவன், ஒருநாள் சாயங்காலம் அவளிடம் வந்து பிடித்திருக்கிறது என்று சொன்னான். கோடு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அவன் சொன்னப்ப முகமெல்லாம் கொதிச்சுதும்மா. காதுகூடச் சுட்டுது. ஆனா வெளியில ஒண்ணுமே தெரியல. சுவத்தைப் பாக்கற மாதிரி பார்த்துட்டு, பிடிக்கலைன்னா பரவாயில்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேடி," என்றாள் அம்மா. "கன்னத்துல கொஞ்சம் ரோஸ் ஏத்தியிருப்பேனே."

சொல்லும்போது அவளுக்கு அதில் தப்பே தெரியவில்லை. கோடு செருப்பை உதறி எறிந்தாள். "எனக்கு வெக்கம் வந்தா உனக்குப் போன் பண்ணணும். கோவம் வந்தாலும் உனக்குப் போன் பண்ணணும். நான் அழுதா கண்ணு சிவக்காது, ஏன்னா அன்னிக்கு உனக்கு லீவு." அப்புறம் பல நாள் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. லிஃப்ட் மெக்கானிக் நடுவில் உட்கார்ந்து உப்பையும் ஊறுகாயையும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி மென்பொருளின் புதுப் பதிப்புக்கு மாறியது. எந்தக் காட்சியிலும் பயன்படாத நிறங்களை எல்லாம் அழித்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மேலாளர் ஒழுங்கான மனிதர். பூட்டு, சாவி எல்லாம் அவர் கையில்தான். கோடு எந்தக் காட்சியிலும் இல்லை. அழிக்கட்டுமா என்று மென்பொருள் கேட்டது, அவர் சரி என்றார். கட்டம் அழிந்தால் அந்த மென்பொருள் அதைப் பூசிய இடத்தை வெறுமையாக விடாது. இங்கே ஒரு நிறம் செத்துப்போயிருக்கிறது, பார், என்று கண்ணைக் குத்தும் ஒரு சிவப்பைப் போட்டுவிடும். கோடு அப்போது ஒரு நாற்சந்தியில் நின்றிருந்தாள். தலைமுடி, பல், கண், நகம் என்று மொத்தமாகச் சிவந்தாள். பச்சை விளக்கு எரிந்தும் நான்கு பக்கமும் ஒரு வண்டி நகரவில்லை. அவள் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் கையிலிருந்த கடைசிப் பார்சலைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அம்மாவின் ஆபீசுக்கு வண்டியைத் திருப்பினாள்.

மகளை அந்தக் கோலத்தில் பார்த்ததும் வண்ணக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு நாற்காலியில் விழுந்து பழைய எண்களை அடித்தாள், மனப்பாடமாக இருந்தவை. அதே நிறம், அதே பெயர், புதுக் கட்டம். நிமிர்ந்து பார்த்தாள், மகள் சிவப்பாகவே இருந்தாள். அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி பார்த்தாள். பின்னால் வண்ணப் பிரிவு முழுவதும் கூடி நின்றது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அவள் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம் அது. கடைசியில் மேலாளர்தான் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "மேடம், அது வேற நிறம். எந்தக் காட்சியிலும் இல்லைன்னு காட்டுச்சு, நான்தான் அழிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

வண்ணக்காரி அவரைத் திட்டவில்லை. வேறு வழி இருப்பது அவளுக்குத் தெரியும். புதிய நிறத்தை வாளியில் எடுத்துப் படத்தின் மேல் மறுபடி ஊற்றினால் போதும், ஒரு சொடுக்கு. அவள் வாளியை எடுத்தாள். சிவப்புக் கை ஒன்று வந்து அவள் கையைப் பிடித்தது.

"வேணாம்மா. ஊத்தாதே."

"என்னடி வேணாம்? இப்படியே நிக்கப் போறியா?"

"இந்தச் சிவப்பை மட்டும் எடுத்துடு. அப்புறம் விட்டுடு."

"விட்டுட்டா வெறும் கோடாப் போயிடுவேடி. வராமலே போயிட்டா?"

"வராட்டி வராம இருக்கட்டும். வந்தா என்னோடதா வரட்டும்."

வண்ணக்காரி மகளின் முகத்தைப் பார்த்தாள். சிவப்புக்குள் சிவப்பாக இருந்ததால் கண் எங்கே பார்க்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அந்தச் சிவப்பைத் துடைத்தெடுத்தாள். உடனே மகள் வழியாக மேலாளர் தெரிந்தார், அவருக்குப் பின்னாலிருந்த தண்ணீர்க் குடமும் தெரிந்தது.

அதன் பிறகு பார்சல் கொண்டுவருவது ஒரு ஹெல்மெட்டும் சட்டையும்தான். ஆரம்பத்தில் கதவைத் திறந்தவர்கள் திடுக்கிட்டார்கள், அப்புறம் பழகிப்போய்ச் சட்டையிடமே தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வண்ணக்காரிக்குப் பழகவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. மகளுக்கு நிறம் வராமலே போய்விடுமோ என்ற பயம் பாதி. வந்துவிட்டால் இனி நான் அவளுக்கு எதற்கு என்ற பயம் பாதி. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. தினமும் ஆபீசில் அந்தப் படத்தைத் திறப்பாள், வாளியை எடுத்து அதன் மேல் கொண்டுபோய் நிறுத்துவாள், பல்லைக் கடித்துக்கொண்டு மூடுவாள். வாரங்கள் போயின. ஒருநாள் பொறுக்க முடியாமல் கணவனைக் கூப்பிட்டு, இன்று ஊற்றிவிடப் போகிறேன் என்றாள். அவர் எங்கேயோ ஒரு மொட்டைமாடியில் வேலையாக இருந்தார். "பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்தா லிஃப்ட் சீக்கிரம் வந்துடுமா? கையை எடு," என்று சொல்லி வைத்துவிட்டார். அவள் கையை எடுத்தாள்.

முதலில் வந்தது ஒரு கொசுக்கடி. முழங்கைக்குக் கீழே, வெறுமையின் நடுவில், கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு. கோடு அதைச் சொறிந்துகொண்டே சாப்பிட வந்து உட்கார்ந்தாள். மூன்று பேரும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கொசுக்கடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாளில் அதைச் சுற்றி ஒரு மங்கல் பழுப்பு படர்ந்தது. வண்டிக் கைப்பிடி அழுத்திய இடத்தில் உள்ளங்கை சிவந்தது. மணிக்கட்டு, கழுத்து, நெற்றி என்று ஒவ்வொன்றாக, யாருக்கும் எந்தத் தகவலும் கொடுக்காமல், வந்து சேர்ந்தன. முகம் வந்த வாரத்தில் எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். பார்சல் ஆபீஸ் வாசலில் உன் பொண்ணு ஒரு பையனோட பேசிக்கிட்டு இருந்தா, முகம் அப்படிச் சிவந்து கிடந்துச்சு, வெயிலா வேற ஏதாவதா, நீயே கேட்டுக்கோ. வண்ணக்காரி கேட்கவில்லை. தனக்கு ஒரு போன்கூட வராமல் மகளின் முகம் சிவந்திருக்கிறது என்பதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் வலித்தது, நிறைய சந்தோஷமாக இருந்தது.

தொழில் புத்தி போகாது. மகளைப் போட்டோ எடுத்து, ஸ்கிரீனில் போட்டு, நிறத்தை உறிஞ்சும் சொட்டுக்குழாயை அவள் கையின் மேல் வைத்தாள். ஓர் எண் வந்தது. மயிரிழை தள்ளி வைத்தால் வேறொன்று. இன்னும் கொஞ்சம் தள்ளி வேறொன்று. அந்த ஒரு கையில் தான் வாழ்நாளில் கலந்ததைவிட அதிக நிறங்கள் இருந்தன. முழங்கை மடிப்பில் ஒருவிதம், விரல் மூட்டுகளில் ஒருவிதம், நரம்பு ஓடும் இடத்தில் பச்சைகூட இருந்தது, அதுவும் அழகாக இருந்தது. இந்தக் கைக்குத்தானே இத்தனை வருஷம் ஒரே நிறத்தை விளிம்புவரை ஊற்றிவிட்டுப் பெருமைப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்கிரீனை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த மகளின் எதிரில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தாள். "என்னம்மா அப்படிப் பார்க்கறே?" என்றாள் கோடு. "ஒண்ணுமில்ல," என்றாள் அம்மா. கண் நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் நல்ல உச்சி வேளை. கோடு சாப்பிட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தெருவில் மற்ற அம்மாக்கள் மகள்களைப் பார்த்து அலுக்காமல் சொல்லும் ஒன்று உண்டு. வண்ணக்காரிக்கு அதுவரை அதைச் சொல்லும்படி ஒருநாளும் வாய்த்ததில்லை. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"ஏய், வெயில்ல அலையாதேடி! கறுத்துடுவே!"

கோடு தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். சட்டைக் கையை நன்றாக மேலே மடித்துவிட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். அன்றும் கறுத்துத்தான் வந்தாள்.