மிதிக்காத மணல் மூட்டை

மோட்டார் மாட்டிய சைக்கிளுக்குத் தானாகக் கியர் மாற்றும் பெட்டி ஒன்றைச் செய்ய அந்தப் பட்டறைக்கு முழுசாக இரண்டு வருஷம் பிடித்தது. சக்கரம் வேகமாகச் சுற்றினால் பெட்டிக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகள் விரிந்து மேல் கியர் விழும். வேகம் குறைந்தால் குண்டுகள் சுருங்கிக் கீழ் கியர் விழும். ஓட்டுகிறவன் விரலைக்கூட அசைக்க வேண்டாம். இதைக் கண்டுபிடித்த வெள்ளைக்கோட்டு இன்ஜினியரும் விரலை அசைத்தவர் இல்லை. அந்த வண்டியில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை.

உட்கார்ந்ததெல்லாம் ஒரு மணல் மூட்டை. அறுபது கிலோ. சீட்டில் வைத்துக் கட்டி, உருளைமேல் வண்டியை நிறுத்தி, ஏற்றம் மாதிரி இழுவை கொடுத்து நானூறு தடவை ஓட்டினார்கள். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது மூட்டை. அதற்கப்புறம்தான் லோடுமேனைக் கூப்பிட்டார்கள். மூட்டை தூக்குகிறவனுக்கு மூட்டையின் வேலை. அவனை ஏற்றும்போதும் பெடல் செயினைக் கழற்றிவிட்டார்கள். மிதித்தால் அளவு கெட்டுவிடுமாம்.

லோடுமேன் சொன்னபடி ஏறி உட்கார்ந்தான். அவனுக்கும் அந்த வண்டி வேண்டும். அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கடையில் வேலை. தினம் நாற்பது கிலோ துணியைத் தள்ளுவண்டியில் மேட்டுக்குத் தள்ளுகிறாள். அந்தக் கடைதான் முதல் பத்து வண்டிக்குச் சொல்லி வைத்திருந்தது.

"என்னங்க, உங்க பெட்டி எப்பத்தான் வரும்? அதுக்குள்ள என் இடுப்பு கழண்டு விழுந்துடும் போல."

"திங்கக்கிழமை."

"எந்த மாசத்துத் திங்கக்கிழமைன்னும் சொல்லிடுங்க."

வெள்ளிக்கிழமை செயினை மாட்டினார்கள். லோடுமேன் பின்னால் நாற்பது கிலோ இரும்பை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் இருந்த மேட்டில் விட்டான். பாதி மேட்டில் மோட்டார் முனகியது. முனகினால் கால் சும்மா இருக்குமா? எழுந்து நின்று ஓங்கி மிதித்தான். சக்கரம் ஒரு துள்ளு துள்ளியது. சமதரை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்ட பெட்டி மேல் கியரைப் போட்டது. மோட்டார் மூச்சடைத்து நின்றது. வண்டி பின்னால் உருண்டது. இன்னும் மூன்று தடவை ஏறினான். மூன்று தடவையும் அதே கூத்து.

"நீ ஏன்யா மிதிச்சே?" என்றார் இன்ஜினியர்.

"பெடல் இருந்துச்சு சார்."

"அது பெட்ரோல் தீர்ந்தா மிதிக்கிறதுக்கு. மூட்டை நானூறு தடவை ஏறியிருக்கு. ஒரு தடவைகூட இப்படி ஆகலை."

"அதுக்கு ஏது சார் காலு?"

இன்ஜினியர் காதில் விழாத மாதிரி சோதனைத் தாளை நீட்டினார். ஓட்டிப் பார்த்தவன் கையெழுத்து விழுந்தால்தான் வண்டி வெளியே போகும். "போடு. ஏத்தத்துல மிதிக்காதேன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்."

பேனாவை வாங்கினான். ஆஸ்பத்திரி மேடு கண்ணுக்குள் வந்தது. மேட்டில் அவள், அவள் முதுகுக்குப் பின்னால் பஸ். ஸ்டிக்கரைப் படித்துவிட்டா பஸ் நிற்கும்?

பேனாவைத் தாள்மேல் வைத்தான். "நீங்க ஒரு தடவை மிதிக்காம ஏறிக் காட்டுங்க சார். போட்டுடறேன்."

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. இன்ஜினியருக்கு வேறு வழியில்லை. கோட்டைக் கழற்றாமல் ஏறினார். கால் இரண்டும் அசையாமல்தான் இருந்தன, மோட்டார் முனகும் வரைக்கும். முனகியதும் படித்த கால், படிக்காத கால் என்ற வித்தியாசம் போய்விட்டது. யாரையும் கேட்காமல் மிதித்தன. பெட்டி மேல் கியரைப் போட, வந்த வழியே பின்பக்கமாக இறங்கி, மேட்டடியில் கிடந்த மணல் மூட்டையில் முட்டி உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மூட்டை இப்போதும் எதுவும் சொல்லவில்லை.

"நான் மிதிக்கலை," என்றார்.

தாளைக் கையெழுத்து இல்லாமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் லோடுமேன் வீட்டில் விஷயத்தைச் சொன்னான். பெண்டாட்டி இடுப்பில் வெந்நீர்த் துணியை அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"அப்போ திங்கக்கிழமையும் தள்ளிட்டுத்தான் போகணுமா?"

"ஆமா."

அவள் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"போகட்டும். என் தள்ளுவண்டிச் சனியனாவது நான் சொன்னாத்தான் பின்னால உருளும்."