துப்பாக்கிக்குச் சைலன்சர் கேட்ட கூட்டம்

சங்கரன்கோவில் விசைத்தறிச் சங்கக் கட்டடத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நிற்க இடமில்லை. காட்டுப்பன்றிகளிடமிருந்து மக்காச்சோளத்தைக் காக்க லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் முப்பத்தொரு பேரும் வந்துவிட்டார்கள். குழாய் முனையில் மாட்டி வெடிச்சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரை, காதைக் காப்பாற்றுவதற்காக அனுமதிக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனுப் போடலாமா, கூடாதா? அதுதான் வழக்கு.

தலைமை நாற்காலியில் கரிவலம்வந்தநல்லூர் ஆறுமுகச்சாமி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறையாக அவர் வீட்டில் இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. தம் வீட்டு வெடி ஊர் முழுக்கக் கேட்பதுதான் அவருக்குக் கௌரவம். சைலன்சர் கூடவே கூடாது என்பது அவர் கட்சி.

அவருடைய இடது காது அடைத்துப்போய் ஆறு வருடமாகிறது. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். ஊர் அதைத் தலைக்கனம் என்றது. அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். தை மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க உடல்தகுதிச் சான்று வேண்டும். விஷயம் வெளியே வந்தால் துப்பாக்கி கைவிட்டுப் போனாலும் போகும்.

கடையநல்லூரில் காது பரிசோதனை நிலையம் நடத்தும் ஷமீரா மைக்கைப் பிடித்தாள். "சைலன்சர் போட்டா சினிமால வாற மாதிரி சத்தமே இல்லாமப் போயிராது. கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சத்துல காது பிழைக்கும். வலது தோள்ல வச்சுச் சுடுதவங்களுக்கு இடது காதுதான் முதல்ல போகும்."

ஆறுமுகச்சாமிக்குச் சுருக்கென்றது.

வயல்களில் ஆட்டுக்கிடை போடும் மாரிராஜ் துள்ளி எழுந்தார். "வெடி கேட்டாத்தான தாயி நான் ஆட்ட வேற பக்கம் ஓட்டுதேன்! சத்தமில்லாம சுட்டா, பன்னியோட பன்னியா நானும்லா விழுந்து கிடப்பேன்!"

"ஒம்மப் பாத்தா பன்னியே ஓடிரும்வே!" என்றார் துப்பாக்கிக்காரர்களில் ஒருவரான சங்கரபாண்டி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சூட்டோடு சங்கரபாண்டி ஷமீராவிடம் திரும்பினார். "முப்பத்தொரு துப்பாக்கி இருக்கு. காது போச்சுன்னு ஒரே ஒரு ஆளக் காட்டும்மா பாப்போம்!"

"காது மந்தமா இருக்கவங்க கையத் தூக்குங்க" என்றாள் ஷமீரா.

ஒரு கையும் எழவில்லை. விசில் பறந்தது. "ஜெயிச்சாச்சு அண்ணாச்சி! முடிவச் சொல்லுங்க!"

ஆறுமுகச்சாமி கூட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு நேரம் முன்வரிசையில் பாதிப் பேர் வலது காதை மைக் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ஆங்? என்ன சொல்லுதா?" என்று பக்கத்து ஆளைச் சுரண்டிக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருந்தார். அவர் கட்சிதான் ஜெயித்திருக்கிறது. ஆனால் எதை வைத்து? அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்தார்.

"நிறுத்துங்கவே! பொய் சொல்லி ஜெயிச்சான்னு எங்க வீட்டுக்கு ஒரு பேரு வேண்டாம். எனக்கு இடது காது செத்து ஆறு வருசமாச்சு!"

கை உயர்ந்தது.

"அண்ணாச்சி, தையில லைசென்ஸ்..." என்று இழுத்தார் சங்கரபாண்டி.

"தெரியும்வே."

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. அப்புறம் மூன்று. அப்புறம் மளமளவென்று இருபத்திரண்டு கைகள்! கடைசியாகச் சங்கரபாண்டியின் கை தோள்மட்டம் வந்து நின்றது.

"முழுசாத் தூக்கும்வே, சுளுக்கிக்கிடாது!" என்று மாரிராஜ் கத்த, கட்டடமே அதிர்ந்தது.

அதற்குமேல் வாதம் புதிதாகப் பிறந்தது. சைலன்சர் மாட்டிச் சுடுபவர் முதலில் பக்கத்துக் கிடைக்காரருக்குப் போன் போட வேண்டும் என்று மாரிராஜ் சண்டை போட்டு ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். மனுப் போடுவதென்று தீர்மானம் நிறைவேறியது.

ஷமீரா தாளோடு வந்து ஆறுமுகச்சாமியின் வலப்பக்கமாக நின்றாள். "காது போனவங்க பட்டியல மனுவோட இணைக்கணும் ஐயா. லைசென்ஸ் ஆபீஸ்லயும் படிப்பாங்க. உங்க பேரு வேணுமா, விட்டுரவா?"

"மொதப் பேரா எழுது தாயி" என்றார். "இனிஷியல விட்டுராத."